பழைய ஜோடி

அயர்லாந்திலிருந்து கப்பலேறி, வெனிசுலாவின் விடுதலைக்காகச் சண்டை போட வந்த டெக்லன், ஊன்றுகட்டையோடு ராணுவக் கிடங்குக்காரனின் மேஜை முன்னால் நின்றான். மிஞ்சியிருந்த வலது காலின் பூட்ஸ் வாயைப் பிளந்திருந்தது. மழைக்காலம் வேறு.

"பழைய ஜோடியை ஒப்படைச்சாத்தான் புதுசு," என்றான் கிடங்குக்காரன், தலையைத் தூக்காமலே. "இன்னொண்ணு எங்கே?"

"என் காலோட போச்சு."

"எல்லாரும் இதையேதான் சொல்றீங்க. வித்துக் குடிச்சிட்டு வந்து நிக்கிறது."

டெக்லனுக்கு உச்சந்தலை வரை சுர்ரென்று ஏறியது. நேரே மருத்துவக் கூடாரத்தின் பின்புறம் போனான். போன மாதம் பூட்ஸோடு அறுத்தெடுத்த அவனுடைய இடது காலை அங்கேதான் புதைத்திருந்தார்கள். மண்டி போட முடியாமல், குப்புறப் படுத்துக்கொண்டு கையாலேயே தோண்டினான்.

மத்தியானம் அதைக் கொண்டுவந்து மேஜைமேல் வைத்தான்.

கிடங்குக்காரன் மூக்கைப் பொத்திக்கொண்டு நாற்காலியோடு பின்னால் நகர்ந்தான். ஆனாலும் விதி விதிதானே.

"பூட்ஸை மட்டும் கழட்டிக் குடு."

எதிரே கிடந்த பீப்பாய்மேல் டெக்லன் நிதானமாக உட்கார்ந்தான்.

"பூட்ஸ் கயித்தைக் கட்டினது நான். அவிழ்க்கிறது நீ."