அட்டைப்படத்துப் பிள்ளை

"ஜெப்சி எங்க டீச்சர்?"

அருளானந்தம் மூன்றாவது முறையாகக் கேட்டுவிட்டார். ஜோதிமேரி டீச்சருக்குக் கையும் ஓடவில்லை, காலும் ஓடவில்லை.

பாம்பனில் மீனவப் பிள்ளைகளுக்காக அருளானந்தம் நடத்தும் கற்றல் மையத்துக்கு, இன்று பத்து மணிக்கு டென்மார்க்கிலிருந்து விருந்தாளிகள் வருகிறார்கள். வாடகை, புத்தகம், டீச்சர் சம்பளம் எல்லாம் அவர்கள் தரும் சிறு நிதியில்தான் ஓடுகிறது. அடுத்த வருடத்துக்கும் அது உண்டா, இல்லையா என்று இன்றைக்குத் தெரிந்துவிடும். இல்லையென்றால் ஜூன் மாதம் மையத்துக்குப் பூட்டு. இருபத்தெட்டுப் பிள்ளைகளும் பழையபடி நண்டு உடைக்கும் ஷெட்டுக்கும் கருவாடு காயப்போடவும் போக வேண்டியதுதான்.

ஒரு வாரமாகக் கல்யாண வீட்டுக்காரி மாதிரி அலைந்துகொண்டிருந்தாள் ஜோதிமேரி. சுவருக்கு வெள்ளை, வாசலுக்குத் தோரணம், பிள்ளைகளுக்கு வரவேற்புப் பாட்டு. மத்தியானச் சாப்பாட்டைக்கூட அவளேதான் யோசித்தாள்.

"வெள்ளைக்காரங்களுக்கு ஓட்டோட நண்ட வச்சா திங்கத் தெரியாது சார். முழிச்சிக்கிட்டு உக்காந்திருப்பாங்க. சதையா எடுத்து வறுத்துருவோம்" என்று சொல்லி, நேற்றே போன் போட்டு ஏற்பாடு பண்ணிவிட்டாள்.

எல்லாம் சரியாக இருந்தது. வெண்ணெய் திரண்டு வரும்போது தாழி உடைந்த கதையாக, ஜெப்சியைக் காணவில்லை.

வேறு யார் வராவிட்டாலும் சமாளித்துவிடலாம். ஆனால் டென்மார்க்குக்கு அனுப்பிய அறிக்கையின் அட்டையில் சிரிப்பதே ஜெப்சிதான். ஆறாம் வகுப்போடு நின்று, நண்டு உடைக்கப் போய், இந்த மையத்தால் மறுபடி பள்ளிக்கூடம் ஏறிய பிள்ளை. இன்றைக்கு விருந்தாளிகள் முன்னால் பாடம் வாசிக்க வேண்டியவளும் அவள்தான்.

"நான் போய் இழுத்துட்டு வாரேன் சார்."

ஜெப்சியின் அம்மா வீட்டு வாசலிலேயே நின்றிருந்தாள். வலது கையில் துணிக்கட்டு. நண்டு முள் குத்திச் சீழ் வைத்த விரல்.

"உம் மக எங்க?"

"ஷெட்டுக்குப் போயிருக்கா டீச்சர்."

"என்னது?"

"இன்னைக்கு ஒரு நா மட்டுந்தேன் டீச்சர். ஒரு அவசர ஆர்டர்னு சூப்பர்வைசர் என் தலையில கட்டிட்டாரு. மத்தவங்களுக்கெல்லாம் கம்பெனி வேல இருக்கு. எனக்கு விரல மடக்க முடியல. அதேன்..."

"வாய மூடு! பெத்த தாயா நீ? நாலு காசுக்கு ஆசப்பட்டு பிள்ள படிப்ப வித்துட்டியே! கண்ணு காணாத தேசத்துல இருக்கவங்களுக்கு உம்பிள்ள மேல இருக்க அக்கற உனக்கில்லயே!"

அவள் ஏதோ சொல்ல வந்தாள். டீச்சரின் முகத்தைப் பார்த்ததும் அதை அப்படியே விழுங்கிக்கொண்டாள்.

"என் தப்புத்தான் டீச்சர். வேல முடிஞ்சதும் நேரா அங்கன ஓடி வந்துருவா."

ஷெட்டுவரை போக நேரமில்லை. வேன் வந்துவிட்டது என்று அருளானந்தம் போனில் அலறினார்.

பாட்டு நன்றாகத்தான் போனது. ஜெப்சிக்குப் பதிலாக வாசித்த பையன் நாலு இடத்தில் திக்கினான். நரைத்த தலையோடு விருந்தாளிகள் நடுவில் உட்கார்ந்திருந்த அம்மாள் பையிலிருந்து அறிக்கையை எடுத்து, அட்டைப்படத்தைத் தொட்டுக் காட்டினாள்.

"இந்தப் பிள்ளை எங்கே என்று கேட்கிறார்" என்றார் அருளானந்தம். அவர் முகத்தில் ஈயாடவில்லை.

ஜோதிமேரி எழுந்தாள்.

"அவங்க அம்மா இன்னைக்குக் கூலி வேலைக்கு அனுப்பிட்டாங்க மேடம். இங்க பெத்தவங்க மனசு அப்படித்தான் இருக்கு. அத மாத்தணும். அதுக்குத்தான் எங்களுக்கு இன்னும் ஒரு வருசம் வேணும்."

சொல்லும்போதே அவளுக்குக் கண் கலங்கிவிட்டது. பொய்யில்லை, நிஜமாகவே கலங்கியது. அருளானந்தம் இங்கிலீஷில் சொல்லி முடித்ததும், அந்த அம்மாளும் கண்ணாடியைக் கழற்றித் துடைத்துக்கொண்டாள்.

"ஒரு வருடம் இல்லை, இரண்டு வருடத்துக்குத் தருகிறோம்" என்றாள்.

ஜோதிமேரிக்கு அந்த இடத்திலேயே முழங்கால் போட்டுவிடலாம் போலிருந்தது. மையம் பிழைத்தது. ஜெப்சி வராததும் ஒருவகையில் நல்லதுக்குத்தான் என்றுகூட ஒரு நினைப்பு வந்தது.

சாப்பாட்டில் அந்த அம்மாள் நண்டு வறுவலை மூன்றாவது முறையாகக் கேட்டு வாங்கினாள். விரலால் கிளறிப் பார்த்துவிட்டு ஆச்சரியமாக ஏதோ சொன்னாள்.

அருளானந்தம் சிரித்தார். "ஓடு ஒரு துணுக்குகூட இல்லையாம். இவ்வளவு பொறுமையா எடுத்தது யாரு, அவங்கள நான் பாக்கணுங்கிறாங்க."

"இந்தா, கேட்டுட்டு வாரேன் சார்."

ஜோதிமேரி துள்ளாத குறையாகச் சமையல்கட்டுக்குப் போனாள். பின்வாசல் படியில், காலித் தூக்குவாளியைப் பக்கத்தில் வைத்துக்கொண்டு, துவைத்த யூனிபாரமும் ரெட்டைச் சடையுமாக ஜெப்சி உட்கார்ந்திருந்தாள். டீச்சரைக் கண்டதும் எழுந்து, கீறல் விழுந்த பத்து விரல்களையும் முதுகுக்குப் பின்னால் மறைத்தாள்.

"நம்ம டீச்சர் சொன்ன ஆர்டரு, பேரு கெட்டுறக் கூடாதுன்னு அம்மா சொல்லுச்சு. அதான் நிதானமா எடுத்தேன். கையெல்லாம் நண்டு வாட டீச்சர், அதான் உள்ள வரல..."

ஜெப்சி தயங்கினாள்.

"நான் வாசிக்க வேண்டிய பாடம் முடிஞ்சிருச்சா டீச்சர்?"