முக்கால் மணி நேரக் காற்று

1997 ஏப்ரல் 9. உழைக்க முடியாதவர்களுக்கான உதவித்தொகை கேட்டு வந்த மனு ஒன்றை விசாரிக்க, அதிகாரி பொன்னுரங்கம் கல்வராயன் மலைக்கு ஸ்கூட்டரில் போனார். வெள்ளிமலைக்கு முன்பே பின் டயரில் காற்று இறங்கிவிட்டது.

சாலையோர வீட்டிலிருந்து ஒருவர் சைக்கிள் பம்பு கொண்டுவந்தார்.

“இத்த வெச்சி ஸ்கூட்டருக்கா? கீழ எல்லாம் மெஷின்ல புடிக்கிறான். சரி, அடி.”

பத்து முறை அடித்ததும் அவர் நெஞ்சைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்தார்.

“இன்னாய்யா, அதுக்குள்ள குந்திக்கினே? தம்மாத்தூண்டு பம்பு, அத்த அடிக்கத் தெம்பில்ல. நீயெல்லாம் எதுக்கு ஆவப்போற!”

“மூச்சு வாங்குதுங்க. இருங்க, அடிக்கிறேன்.”

உட்கார்ந்து உட்கார்ந்து எழுந்து அடித்ததில், முக்கால் மணி நேரத்தில் டயர் நிமிர்ந்தது. பொன்னுரங்கம் கட்டை விரலால் அழுத்திப் பார்த்தார்.

“போதும். இங்க உதவித்தொகைக்கு மனு போட்ட கண்ணுசாமி வூடு எது?”

“இதாங்க. நான்தாங்க கண்ணுசாமி.”

பொன்னுரங்கம் அவரை ஏற இறங்கப் பார்த்தார். கோப்பை ஸ்கூட்டர் சீட்டில் வைத்து எழுதினார்:

‘மனுதாரர் திடகாத்திரமானவர். முக்கால் மணி நேரம் இடைவிடாமல் உழைத்ததை நேரில் கண்டேன்.’

மனு தள்ளுபடி ஆனது.