தம்பியின் தேதி

தம்பியின் பெயருக்கு எதிரே 11/04 என்றிருந்ததை 04/11 ஆக்கிவிட்டு அவள் சேமித்தபோது, நாற்காலிக்குப் பின்னால் கண்காணிப்பாளர் நின்றிருந்தார்.

"நிறுத்தும்மா. யாரோட தேதி அது?"

"தம்பியோடது, சார்." அவள் மறைக்கவில்லை.

அது சிறுநீரகத்துக்குக் காத்திருக்கும் ஒரே ரத்த வகைக்காரர்களின் பட்டியல். முந்திப் பதிந்தவருக்கு முந்திக் கிடைக்கும், தேதிதான் வரிசை. தம்பிக்கு வாரத்தில் மூன்று நாள் டயாலிசிஸ் கட்டிலில் கழிகிறது.

"கிளை ஆஸ்பத்திரி பட்டியலை நம்மளோட சேர்த்தப்ப வந்த கோளாறு, சார். நாம முதல்ல தேதி, அப்புறம் மாசம் போடுவோம். அங்க மாசம் முதல்ல. தேதி பன்னெண்டுக்கு மேல இருந்தா கம்ப்யூட்டர் முழிக்குது, நமக்குத் தெரிஞ்சிடும். கீழ இருந்தா சத்தமில்லாம புரட்டிப் படிச்சிடுது. கிளையில பதிஞ்ச எல்லாரோடதையும் சரி பண்ணிட்டேன். இவனோடதுதான் கடைசி."

"கடைசியா செஞ்சா கண்ணுல படாதுன்னா? தேனெடுக்கிறவ புறங்கையை நக்காம இருப்பாளான்னு உனக்கு இந்த வேலையைக் கொடுத்த அன்னிக்கே கேட்டாங்க. நான்தான் நம்பலாம்னு சொன்னேன்."

மேசைமேல் அவள் கைபேசி அதிர்ந்தது. அம்மா. எடுத்துத் தணிந்த குரலில் பேசினாள். "ஆமாம்மா, கிட்னி ஒண்ணு வருதாம். அவன்கிட்ட எதையும் சொல்லித் தொலைக்காதே. நான் வந்து பேசிக்கறேன்."

அவர் சிரித்தார். "குடும்பத்துக்கே சேதி போயாச்சா?"

"சார், நான் சொல்றதை ஒரு தடவை..."

"விசாரணையில சொல்லு. தம்பி மேல பாசம் இருக்கட்டும்மா, தப்பில்ல. அடுத்த வீட்டுப் பிள்ளை சாகுதேன்னு கொஞ்சம் பயமும் இருக்கணும்."

அவளை எழுப்பிவிட்டு அவரே உட்கார்ந்தார். நெற்றியிலிருந்த கண்ணாடியை இறக்கிக்கொண்டு, காலையில் எடுத்து வைத்திருந்த நகலைத் தேடித் திறந்தார். அவள் கை படாத பட்டியல். அதையே அசலாகச் சேமித்துவிட்டு, இனி அவள் எதையும் தொட முடியாதபடி அவளுடைய கடவுச்சொல்லையும் முடக்கினார்.

மேசைத் தொலைபேசி ஒலித்தது. அறுவைப் பிரிவின் செவிலியர்.

"சார், கிட்னி கிளம்பிடுச்சு. யாரைக் கூப்பிடணும்? சீக்கிரம் சொல்லுங்க, ஆளு வந்து சேரணும்ல."

"ஒரு நிமிஷம் சிஸ்டர். இங்க பெருச்சாளி ஒண்ணு பிடிச்சிட்டிருந்தேன்."

அவர் தொலைபேசியின் ஒலிபெருக்கியை அழுத்திவிட்டு, திரையை அவள் பக்கம் திருப்பினார். பக்கத்து மேசைக்காரர்கள் எழுந்து நின்று பார்த்தார்கள்.

"நீயே படி. நியாயமா முதல்ல இருக்கறது யாருன்னு உன் வாயாலயே சிஸ்டருக்குச் சொல்லு."

அவள் திரையைப் பார்த்தாள். முதல் வரியில் மறுபடியும் 11/04, ஏப்ரல் பதினொன்று.

"என் தம்பிதான், சார்."