காலியாக விட்ட கட்டம்

இச்சைப் பார்வையை அடக்கும் வில்லையைக் காதுக்குப் பின்னால் ஒட்டுமுன், பங்குக் கோயிலில் ஒரு படிவம் தருவார்கள். ‘விலக்கு’ என்ற கட்டத்தில் மனைவியின் பெயரை எழுத வேண்டும். கருவாட்டு வியாபாரி லெயோன் மச்சாது அதைக் காலியாக விட்டான். மனைவியையும் சேர்த்து விட்டுக்கொடுத்து, மேலே இருப்பவருக்குக் கொஞ்சம் கொசுறு போட்டால் மதிப்பு கூடும் என்பது அவன் நினைப்பு. ஒட்டிய வில்லையைக் கழற்ற முடியாது.

அந்த வருஷக் கல்யாண நாளன்று மனைவி ஜெசிந்தா ஊதாப் பட்டுடுத்தி, தலை நிறையப் பிச்சிப்பூவோடு வந்து நின்றாள்.

“எப்படி இருக்கேன்?”

“நல்லாத்தான் இருக்க. தண்ணி மோட்டார் போட்டியா?”

“ஊர்ப் பொம்பளைய பாக்கக் கூடாதுன்னுதான ஒட்டுனிய? நானுமா ஊர்ப் பொம்பள?” என்று அழுதாள்.

வருத்தம் வரும் என்று லெயோன் நின்று பார்த்தான். வரவில்லை.

ஞாயிற்றுக்கிழமை, பாவங்களைச் சொல்லி மன்னிப்புக் கேட்கும் பாவசங்கீர்த்தனத்தில், இச்சைப் பார்வைகளை எண்ணிக் காட்டும் வில்லையின் சீட்டைச் சாமியார் பார்த்துப் பூரித்துப் போனார்.

“மூணு மாசமா பூச்சியம்! உமக்குச் சமம் யாருவே? வேற ஏதும் உண்டா?”

“வீட்டுக்காரி அழுதா, சாமி. சுவரப் பாக்குற மாதிரி பாத்துக்கிட்டு நின்னேன்.”

சாமியார் சீட்டைப் பின்பக்கமும் திருப்பிப் பார்த்தார்.

“அது இதுல வரலையேவே. சமாதானமாப் போயிட்டு வாரும்.”