கதைக்கு ஒரு கெட்டவன்

"இஞ்சேருங்கோ, உங்கட கதையை மாப்பிள்ளை வீட்டுக்காரர் வாசிச்சுப் போட்டினமாம்" என்றாள் மனைவி இந்திராதேவி.

தனஞ்சயன் மாஸ்டருக்குத் தேநீர் புரையேறியது.

போன மாதச் சஞ்சிகையில் அவருடைய சிறுகதை வந்திருந்தது. கதைக்கு ஒரு கெட்டவன் தேவைப்பட்டான். வாசகர் நம்ப வேண்டுமென்றால் கண்ணால் கண்ட ஆளைத்தான் எழுத வேண்டும் என்பது மாஸ்டரின் கொள்கை.

எழுதும் மேசையில் இருந்து பார்த்தால் மதிலுக்கு மேலே எதிர்ப் பேக்கரிக்கார அலியாரின் மொட்டைத் தலை தெரியும். பின்னேரமானால் அவர் வெளியே வந்து வாளியைப் படபடவென்று தட்டுவார். தெருக் கழுதைகளை வாய்க்கு வந்தபடி ஏசுவார். ஏச்சு வாங்கியும் அடுத்த நாள் அதே நேரத்துக்குக் கழுதைக் காதுகள் மதிலுக்கு மேலே வரிசையாக வந்து நிற்கும்.

மாஸ்டர் ஒன்றையும் விடவில்லை. பெயரை மட்டும் மாற்றினார். பாத்திரம் உயிரோடு இருக்கிறது என்று ஆசிரியரும் பாராட்டினார்.

இப்போது அலியாரின் மகள் பஸ்மினாவுக்கு எருக்கலம்பிட்டியில் சம்பந்தம் பேசுகிறார்கள்.

"தகப்பன் ஈரமில்லாத மனிசன் எண்டால் ஆர் பொம்பிளை எடுப்பினம்? கெட்டவன் வேணுமெண்டால் கண்ணாடியைப் பாத்து எழுதியிருக்கலாமே" என்றாள் இந்திராதேவி.

மாஸ்டர் சேர்ட்டை மாட்டிக்கொண்டு பேக்கரிக்கு ஓடினார்.

உள்ளே மாப்பிள்ளையின் தாய் சரீபா கதிரையில் இருந்தார். பக்கத்தில் அலியார். மாஸ்டர் நின்றபடியே, அந்தக் கதை முழுக்கக் கற்பனை, அதில் வருகிற ஆள் அலியார் நானா இல்லை என்று படபடத்தார்.

"ஏன் மாஸ்டர் பொய் சொல்றீங்க? அது என்ட மொட்டைதானே" என்றார் அலியார்.

சரீபா சிரித்தார். கதையை வாசித்த பிறகுதான் வீட்டில் முடிவெடுத்ததாகச் சொன்னார்.

மாஸ்டர் ஓரடி முன்னே வந்தார். "என்ன முடிவு?"

"பஸ்மினா இனி எங்கட மருமகள்."

"நான் அவரைக் கெட்டவனா எல்லோ எழுதினனான்" என்று மாஸ்டர் வாய்தவறிச் சொல்லிவிட்டார்.

"ஓம், நல்லா ஏசித்தான் எழுதியிருந்தீங்க. ஆனா கழுதையெல்லாம் அடுத்த நாளும் நேரத்துக்கு வந்து நிக்குமெண்டும் நீங்கதானே எழுதியிருந்தீங்க. துரத்துற ஆளிட்ட அதுகள் ஏன் மாஸ்டர் திரும்பத் திரும்ப வருது?" என்று கேட்டார் சரீபா.

அலியார் கூச்சத்தோடு எழுந்து வாளியைத் தூக்கிக்கொண்டு வெளியே போனார். இந்த முறை இடையில் மதில் இல்லை. வாளி நிறைய விற்காத பாண் துண்டுகள்.

படபடவென்று சத்தம். கடற்கரைப் பக்கமிருந்து கழுதைகள் ஓடி வந்தன.

"சனியனே, மெல்லமாத் தின்னு" என்று அலியார் ஏசினார். "விக்கப்போகுது."