புது விலாசம்

காவல் நிலையத்து ஜன்னலில் நுழையும் காலை வெயில் கணினித் திரையின் தூசியை எடுத்துக்காட்டுகிறது. மேசை முன்னால் அக்காளும் தங்கையும் துணிப்பைகளோடு நிற்கிறார்கள். அடித்து உதைத்த கணவன் மேல் அக்காள் புகார் கொடுத்தது இங்கேதான். அவனுக்குத் தெரியாமல் குடியேறிய வீட்டின் விலாசத்தை நம்பிச் சொன்னதும் இங்கேதான். போன வாரம் யாரோ இந்தக் கணினிக்குள் புகுந்து, புகார்களை எல்லாம் அள்ளி இணையத்தில் கொட்டிவிட்டார்கள். இன்று விடிந்ததும் கணவன் வந்து அந்த வீட்டுக் கதவை உதைத்தான். பின்வாசல் வழியாகத் தப்பி ஓடிவந்தவளுக்கு இன்னும் மூச்சு வாங்குகிறது. “அவனைப் பிடிக்க ஆள் போயிருக்கும்மா. இனிமே எங்க தங்கப் போறீங்க? அந்த விலாசத்தைச் சொல்லுங்க, கம்ப்யூட்டர்ல ஏத்திடறேன்,” என்கிறார் ஏட்டு. அந்த நேரம் பார்த்துத் திரையில் ஒரு பெட்டி முளைக்கிறது: பாதுகாப்பு அப்டேட் நிலுவையில் உள்ளது. ஏட்டு ஈ விரட்டுவதுபோல, படிக்காமலே ‘பிறகு’ என்பதைத் தட்டுகிறார்.

“என்ன சார் அது?” என்கிறாள் அக்காள்.

“அது தினமும் வர்றதும்மா. போட்டா மெஷின் ஒரு மணி நேரம் படுத்துடும், வேலை ஓடாது.”

“தினமும் வந்துச்சா? தினமும் இப்படித்தான் தள்ளி விட்டீங்களா?”

மின்விசிறி கடகடக்கிறது. ஏட்டின் காது சிவக்கிறது. அவர் அக்காளின் முகத்தைப் பார்க்காமல், “விலாசம்...” என்று மறுபடி தொடங்குகிறார். தங்கை பழக்கதோஷத்தில் வாயைத் திறக்கிறாள். அக்காள் பையைக் கீழே போட்டுவிட்டு, அந்த வாயை உள்ளங்கையால் இறுகப் பொத்துகிறாள்.