மிருதுளாவுக்கு ஒரு கடிதம்

‘மிருதுளா’ என்று அடித்தாள். அதற்கு மேல் விரல் ஓடவில்லை.

ஜெர்மனியில் முனைவர் பட்ட ஆய்வுக்கு ஓர் இடம். ஒரே ஓர் இடம். கடலைச் செடியின் வேரும், வேர்முடிச்சுக்குள் குடியிருக்கும் பாக்டீரியாவும் எந்த மரபணுவை வைத்து ஒன்றையொன்று அடையாளம் கண்டுகொள்கின்றன என்று கண்டுபிடிக்க வேண்டும். அவளுக்கென்றே போட்ட மாதிரி விளம்பரம்.

அவள் விண்ணப்பித்திருந்தாள்.

மிருதுளாவும்.

ஆய்வகத்தை நடத்தும் சார் தானாகப் பரிந்துரைக் கடிதம் எழுதுகிற ஆள் இல்லை. யாராவது எழுதிக் கொடுத்தால் கையெழுத்துப் போட்டு அனுப்புவார். இன்று காலை அவளைக் கூப்பிட்டு, “மிருதுளாவுக்கு நீ எழுதிடும்மா, சீனியர் நீதானே” என்றுவிட்டார்.

நல்ல நியாயம்!

நான்கு வருடம் கோயம்புத்தூர் வெயிலில் வேர் பிடுங்கிக் கழுவியவள் இவள். மிருதுளா போன வருடம் வந்தவள். இவள் ஒரு வேர்முடிச்சை ஆய்வகத் தட்டில் வைத்து வளர்த்தால் பூஞ்சை பிடிக்கும். அதே வேர்முடிச்சை மிருதுளா எடுத்து வைத்தால் பாக்டீரியா முத்து முத்தாக வளர்ந்து நிற்கும். “கைராசிக்காரிம்மா நீ” என்பார் சார். கேட்கும்போதெல்லாம் இவளுக்கு வயிறு எரியும். மறைத்து என்ன ஆகப்போகிறது? எரியும்.

‘நான் பார்த்ததிலேயே சிறந்த ஆய்வாளர்’ என்று ஒரு தடவை அடித்தாள்.

அழித்தாள்.

இல்லாத குறையைப் பொய்யாக எழுதவும் மனம் வரவில்லை.

‘நேரத்துக்கு வருவார். பணிவானவர். ஆய்வகத்தைச் சுத்தமாக வைத்துக்கொள்வார்.’

மூன்றும் சத்தியம்.

இதை அங்கே எப்படிப் படிப்பார்கள் என்று அவளுக்குத் தெரியும். சொல்ல வேறு ஒன்றும் கிடைக்கவில்லை போலிருக்கிறது என்று ஓரமாக வைத்துவிடுவார்கள்.

சார் படிக்கக்கூட இல்லை. கையெழுத்துப் போட்டு, அவள் கண்ணெதிரிலேயே அனுப்பினார்.

“என்னோட லெட்டர், சார்?”

“அதை மிருதுளாகிட்டச் சொல்லி எழுதியாச்சே. நேத்தே போயிடுச்சும்மா.”

அவளுக்குத் திக்கென்றது.

பாவி, என்ன எழுதித் தொலைத்தாளோ!

வெளியே வந்தால் வராந்தாவிலேயே நிற்கிறாள் மிருதுளா. முகமெல்லாம் சிரிப்பு.

“அக்கா, உங்களுக்கு ரெண்டு பக்கம் வந்துருச்சுங்க்கா. சார் சுருக்கச் சொன்னாரு. எதை எடுக்கறதுன்னே தெரியல, அப்படியே விட்டுட்டேன்.”

அவள் விலகி நடக்கப் பார்த்தாள்.

“எனக்கு என்னங்க்கா எழுதுனீங்க?”

“உள்ளதைத்தான் எழுதினேன்.”

“அது போதுங்க்கா எனக்கு” என்றாள் மிருதுளா.

அந்தக் குரலில் சந்தேகம் என்பதே இல்லை.